குழந்தைகள் மீதான வன்கொடுமை: ஆய்வு சொல்வதும் களம் செய்வதும்

குழந்தைகள் மீதான வன்கொடுமை பற்றிய ஆய்வுகள் கடந்த அறுபது ஆண்டுகளில் மருத்துவம், உளவியல், சட்டம், கல்வி ஆகிய துறைகளில் பெருகியுள்ளன. அக்கொடுமையை நேரில் எதிர்கொள்வோர் வேறு ஒரு தரப்பினர். வகுப்பாசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், 1098 உதவி எண்ணில் அழைப்பை எடுப்பவர், அனைத்து மகளிர் காவல் நிலைய உதவி ஆய்வாளர், அரசு மருத்துவமனை மருத்துவர், குழந்தைகள் நலக் குழு உறுப்பினர், குற்றவியல் நடுவர் என இந்தப் பட்டியல் நீளும். இவ்விரு தரப்புக்கும் இடையே உள்ள தொடர்பை இந்தியச் சூழலில், சிறப்பாகப் பாலியல் வன்கொடுமை தொடர்பாக, மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வு முடிவுகளில் பல சட்டத்துக்குள் வந்துவிட்டன. ஆனால் ஒரு குழந்தையின் முன் உட்கார்ந்து பெரியவர் கேட்கும் கேள்விக்குள் அவை இன்னும் வந்து சேரவில்லை.

கெம்ப் கட்டுரை

ஆய்வு களத்தை மாற்றியதற்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு 1962இல் வெளிவந்தது. அமெரிக்காவின் டென்வர் நகரக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்ப் தம் சக மருத்துவர்களுடன் எழுதிய அக்கட்டுரை, அடிபட்ட குழந்தைகளிடம் காணப்படும் அறிகுறிகளைத் தொகுத்து அவற்றுக்கு ஒரு பெயரும் கொடுத்தது. 71 மருத்துவமனைகளில் இருந்து ஓராண்டில் 302 குழந்தைகளின் விவரம் பெறப்பட்டது. அவர்களுள் 33 பேர் இறந்திருந்தனர். 85 பேருக்கு மூளையில் நிரந்தரப் பாதிப்பு ஏற்பட்டிருந்தது. அடுத்த ஐந்தே ஆண்டுகளில் அந்நாட்டின் எல்லா மாநிலங்களும் புகார் அளிப்பதைக் கட்டாயமாக்கும் சட்டங்களை இயற்றின.

இந்த ஆய்வு பிறந்த இடமும் களமே என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. "கட்டிலில் இருந்து விழுந்துவிட்டான்" என்று பெற்றோர் சொன்ன காரணமும், எக்ஸ்ரேயில் தெரிந்த பழைய, புதிய எலும்பு முறிவுகளும் பொருந்தவில்லை என்பதைக் கண்டவர்கள் அன்றாடம் நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்களே. களத்தில் எழுந்த ஐயம் ஆய்வாகி, ஆய்வு சட்டமாகி, சட்டம் களத்துக்குத் திரும்பியது. பின்னாளில் இந்த வட்டம் இவ்வளவு எளிதாக முழுமை பெற்றதில்லை.

2007ஆம் ஆண்டு அறிக்கை

இந்தியாவில் இத்தகைய இடத்தைப் பெற்றது மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட அறிக்கை. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் தகவல் திரட்டப்பட்டது. 53.22 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். அவ்வாறு தெரிவித்தவர்களுள் 52.94 சதவீதத்தினர் ஆண் குழந்தைகள். கொடுமை செய்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

இவற்றுள் முதல் எண் மட்டும் ஊரெங்கும் பரவியது. "இந்தியக் குழந்தைகளில் இருவரில் ஒருவர்" என்று சுவரொட்டிகளிலும் மேடைப் பேச்சுகளிலும் பயிற்சிக் கையேடுகளிலும் அது இடம்பிடித்தது. அறிக்கையைப் படித்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். அதில் குடும்பத்தில் இருந்து பள்ளி செல்லாத குழந்தைகள், பள்ளி மாணவர்கள், வேலை செய்யும் குழந்தைகள், தெருவோரக் குழந்தைகள், இல்லங்களில் வாழும் குழந்தைகள் என ஐந்து பிரிவுகள் திட்டமிட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டன. நாட்டின் மொத்தக் குழந்தைத் தொகையை அப்படியே பிரதிபலிக்கும் மாதிரி அன்று அது. மேலும், கடுமையான தாக்குதல் முதல் ஆபாசப் படங்களைக் காட்டுவது வரை பல செயல்கள் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கியுள்ளன. கடுமையானவை எனப் பிரிக்கப்பட்ட செயல்களுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர். அதுவே பதறவைக்கும் அளவுதான். பெரிதாக்கிச் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

அந்த 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே சென்னையில் துளிர் அமைப்பு 2,211 பள்ளி மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தி வெளியிட்டிருந்தது. அதில் 42 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வகைக் கொடுமையைச் சந்தித்ததாகத் தெரிவித்தனர். சிறுவர்களில் 48 சதவீதம், சிறுமியரில் 39 சதவீதம். எல்லாப் பொருளாதாரப் பிரிவுகளிலும் இது காணப்பட்டது. தமிழில் இப்பொருள் பற்றி எழுதுவோர் டெல்லி அறிக்கையின் எண்ணை எடுத்தாளும் அளவுக்குச் சென்னை ஆய்வை எடுத்தாள்வதில்லை.

களப்பணியாளருக்கு உண்மையில் பயன்படும் முடிவுகள் மற்றவை. ஆண் குழந்தைகளும் சம அளவில் பாதிக்கப்படுகின்றனர். செய்பவர் பெரும்பாலும் தெரிந்தவர். குழந்தை தானாக வந்து சொல்வது அரிது. இந்த மூன்றையும் மனத்தில் கொண்ட ஆசிரியரின் பார்வையும், "இருவரில் ஒருவர்" என்பதை மட்டும் கேட்ட ஆசிரியரின் பார்வையும் ஒன்றாக இரா.

சட்டம் எடுத்துக்கொண்டதும் விட்டதும்

2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டத்தில் ஆய்வின் தடம் தெளிவாகத் தெரிகிறது. அதுவரை இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பாலியல் வல்லுறவுக்கான பிரிவு பெண்களை மட்டுமே பாதிக்கப்பட்டவராகக் கருதியது. போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் பால் வேறுபாடின்றிக் குழந்தை என்கிறது. காவலர், ஆசிரியர், மருத்துவமனை ஊழியர், நெருங்கிய உறவினர் போன்றோர் செய்யும் குற்றத்துக்குக் கூடுதல் தண்டனை உண்டு. தெரிந்தவரே செய்கிறார் என்ற ஆய்வு முடிவுக்குச் சட்டம் அளித்த விடை எனலாம்.

வாக்குமூலம் பெறும் முறையிலும் அக்கறை தெரிகிறது. குழந்தையின் வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அலுவலர் செய்ய வேண்டும். அவர் சீருடையில் இருக்கக் கூடாது. குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. குழந்தை பேசியபடியே எழுத வேண்டும். சிறப்பு நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் தம் கேள்விகளை நீதிபதியிடம் தர, நீதிபதியே குழந்தையிடம் கேட்க வேண்டும். நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்த 30 நாட்களுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

யார் கேட்பது, எங்கே கேட்பது, என்ன உடையில் கேட்பது, எத்தனை நாளுக்குள் கேட்பது என்பவற்றையெல்லாம் சட்டம் சொல்கிறது. எப்படிக் கேட்பது என்பது சட்டத்தின் பிரிவுகளில் இல்லை. 2013இல் அமைச்சகம் வெளியிட்ட மாதிரி வழிகாட்டி நெறிகளில் அது பற்றிய பகுதி இருக்கிறது. வழிகாட்டி நெறிக்குக் காவல் நிலையத்தில் என்ன மதிப்பு என்பது அனைவரும் அறிந்ததே.

கேள்விக்குள் இருக்கும் விடை

ஆய்வுலகில் மிக உறுதியாக நிலைபெற்ற அறிவு இந்த இடத்தில்தான் உள்ளது. ஆசிரியர் கல்வி பயின்றவர்களுக்குத் திறந்த வினா, மூடிய வினா என்ற பிரிவு புதிதன்று. "அங்கே என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லு" என்பது திறந்த வினா. "அவர் உன்னைத் தொட்டாரா?" என்பது மூடிய வினா. "அவர் உன்னைத் தொட்டார், இல்லையா?" என்பது விடையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் வினா. வகுப்பறையில் இந்த வேறுபாடு மதிப்பெண்ணோடு முடிந்துவிடும். வன்கொடுமை பற்றிய விசாரணையில் ஒரு குழந்தையின் பாதுகாப்பும், சில வேளைகளில் குற்றமற்ற ஒருவரின் வாழ்க்கையும் அதில் தொங்குகின்றன.

1990களில் ஸ்டீபன் செசி உள்ளிட்ட உளவியலாளர்கள் நடத்திய ஒரு சோதனை இதை விளக்கும். சாம் ஸ்டோன் என்ற பெயரில் ஒருவர் மழலையர் பள்ளிக்கு வந்து இரண்டு நிமிடம் இருந்துவிட்டுச் சென்றார். எதையும் உடைக்கவில்லை, எதையும் தொடவும் இல்லை. ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு, அவர் வருமுன்பே அவர் எதையும் போட்டு உடைப்பவர் என்று கதைகள் சொல்லப்பட்டன. வந்து சென்றபின், கிழிந்த புத்தகத்தையும் அழுக்கான பொம்மையையும் காட்டி, பத்து வாரங்களில் பலமுறை விடையைச் சுட்டும் கேள்விகள் கேட்கப்பட்டன. இறுதியில் வேறொருவர் வந்து துருவிக் கேட்டபோது, மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டோர் சாம் ஸ்டோன்தான் கெடுத்தார் என்றனர். முன்கதையும் சுட்டும் கேள்விகளும் இல்லாத பிரிவில் அப்படிச் சொன்னவர்கள் வெகு சிலரே.

இம்முடிவை வைத்துக் குழந்தைகள் பொய் சொல்வார்கள் என்று வாதிடுவோர் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞருக்கு அது வசதியான வாதம். சோதனையின் மறுபாதியைப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. யாரும் திணிக்காதபோது அதே வயதுக் குழந்தைகள் நடந்ததை நடந்தபடியே சொன்னார்கள். கெட்டுப்போனது பெரியவரின் கேள்வி. கலிபோர்னியாவில் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு 1983இல் புகாராகத் தொடங்கி, ஏழாண்டுகள் நீடித்து, 1990இல் ஒருவருக்கும் தண்டனையின்றி முடிந்தது. குழந்தைகளிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட சுட்டும் கேள்விகளே அவ்வழக்கின் பெரிய ஓட்டை. அக்குழந்தைகளுக்கு என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்பதைப் பிறகு யாராலும் பிரித்தறிய முடியாமல் போயிற்று.

இத்தகைய அனுபவங்களுக்குப் பின் உருவானதே மைக்கேல் லாம்ப் தலைமையிலான ஆய்வாளர்கள் வகுத்த என்.ஐ.சி.எச்.டி. நேர்காணல் நெறிமுறை. முதலில் குழந்தையோடு பழகுதல். பிறகு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், பெரியவர் தவறாகச் சொன்னால் திருத்தலாம் என்று அனுமதி கொடுத்தல். அடுத்து, பிறந்தநாள் போன்ற ஒரு சாதாரண நிகழ்ச்சியை முழுமையாகச் சொல்லவைத்துப் பழக்குதல். அதன் பின்பே விசாரணைக்கு உரிய செய்தி. அங்கும் குழந்தை சொன்ன சொல்லையே எடுத்து, "அறைக்குள்ள போனோம்னு சொன்னியே, அதைப் பத்திச் சொல்லு" என்று மேலே கேட்க வேண்டும். குறிப்பான கேள்விகள் கடைசியில், மிகக் குறைவாக. நான்கு வயதுக் குழந்தைகூட இம்முறையில் பயனுள்ள தகவலைத் தருகிறது என்று கள ஆய்வுகள் காட்டியுள்ளன.

தமிழில் கேட்பது

இந்த நெறிமுறையை அப்படியே பெயர்த்துக்கொண்டால் போதாது என்பதற்குத் தமிழ்க் குழந்தையின் மொழியே சான்று. "மாமா" என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளலாம். அம்மாவின் தம்பி, அத்தையின் கணவர், பக்கத்து வீட்டுக்காரர், ஆட்டோ ஓட்டுநர், காவலர் என எல்லோரும் குழந்தைக்கு மாமாதான். "மாமா பண்ணாரு" என்று குழந்தை சொன்னதும் கேட்பவர் மனத்தில் ஒரு முகம் தோன்றிவிடுகிறது. அடுத்த கேள்வி அந்த முகத்தை நோக்கியே போகிறது. அண்ணன், தாத்தா, சித்தப்பா ஆகிய சொற்களிலும் இதே இடர் உண்டு. உடலுறுப்புகளுக்கு வீட்டுக்கு வீடு வேறு பெயர். பல வீடுகளில் பெயரே கிடையாது. "அங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடும். "தப்பு பண்ணினார்" என்று குழந்தை சொல்வது அடித்ததையும் குறிக்கலாம், திட்டியதையும் குறிக்கலாம், வேறொன்றையும் குறிக்கலாம்.

வகுப்பறைப் பழக்கமும் குறுக்கே நிற்கிறது. ஆசிரியர் "சரியா?" என்றால் "சரி மிஸ்" என்று ஒரே குரலில் சொல்லிப் பழகிய பிள்ளைகள் இவர்கள். ஆசிரியர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், முதல் விடை தவறு என்று பொருள். ஆகவே விடையை மாற்றிச் சொல்ல வேண்டும். மூடிய வினாவைத் திரும்பக் கேட்கும்போது சிறு குழந்தைகள் பதிலை மாற்றிவிடுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். காவல் நிலையத்தில் "நல்லா யோசிச்சுச் சொல்லு பாப்பா" என்று மூன்றாம் முறை கேட்கும் அலுவலர் பொறுமையோடு நடப்பதாகவே எண்ணிக்கொள்கிறார். தன் விடை பிடிக்கவில்லை போலும் என்று குழந்தை எண்ணிக்கொள்கிறது.

குழந்தை பேசியபடியே எழுத வேண்டும் என்ற சட்டத்தின் சொல் பெரும்பாலும் மீறப்படுவதும் மொழியில்தான். ஏழு வயதுக் குழந்தையின் வாக்குமூலத்தில் "மேற்படி எதிரி என்னைப் பாலியல் தொந்தரவு செய்தார்" என்று இருந்தால், அது நிலைய எழுத்தரின் தமிழ் என்பது படித்தவுடன் தெரியும். நீதிமன்றத்தில் குழந்தை தன் சொல்லில் பேசும்போது இரண்டும் பொருந்தாது. எதிர்த்தரப்பு அதை முரண்பாடு என்று காட்டும். சொல்லிக்கொடுத்து வந்த சாட்சி என்றும் சொல்லும். சாட்சியச் சட்டம் முதல் விசாரணையில் விடையைச் சுட்டும் வினாக்களைப் பொதுவாகத் தடுக்கிறது. ஆனால் குழந்தை கூண்டுக்கு வருமுன்பே அம்மா, பாட்டி, வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், காவலர், மருத்துவர், நடுவர், நலக் குழு என்று பலரிடம் சொல்லியாகிவிட்டது. அவர்களுள் எவர் எந்தக் கேள்வியில் எந்தச் சொல்லைக் குழந்தையின் வாயில் வைத்தார் என்பதற்குப் பதிவே இருக்காது.

ஐஸ்லாந்தில் 1998இல் தொடங்கிய குழந்தைகள் இல்லம் என்னும் முறை இந்த அலைச்சலைக் குறைக்க வந்தது. அமெரிக்காவில் ஹன்ட்ஸ்வில் நகரில் 1985இல் தோன்றிய மையத்தின் வழியில் அமைந்தது அது. பயிற்சி பெற்ற ஒருவர் ஓர் அறையில் குழந்தையோடு பேச, மற்ற துறையினர் வேறு அறையில் இருந்து பார்ப்பார்கள். ஹைதராபாத் காவல் துறை 2016இல் தொடங்கிய பரோசா மையம் இந்தியாவில் இதற்கு நெருங்கிய முயற்சி.

உடலில் தடயம் தேடும் பழக்கம்

"டாக்டர் ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை" என்ற ஒரு வாக்கியம் பல புகார்களை முடித்துவைத்திருக்கிறது. இந்த நம்பிக்கைக்கு எதிரான ஆய்வுகள் பல ஆண்டுகளாக உள்ளன. 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பாலியல் வன்கொடுமை ஐயத்தால் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட 2,384 குழந்தைகளில் ஏறத்தாழ 4 சதவீதத்தினரிடமே இயல்புக்கு மாறான அறிகுறி காணப்பட்டது. 2004இல் வெளியான மற்றொன்று இன்னும் வலுவானது. கருவுற்றிருந்த 36 வளரிளம் பெண்களைப் பரிசோதித்ததில் இருவரிடம் மட்டுமே உறுதியான உடல் தடயம் தெரிந்தது. உடல் விரைவில் ஆறிவிடும். பல வகைக் கொடுமைகள் தடயமே விடுவதில்லை.

இந்தியாவில் இரு விரல் பரிசோதனை என்ற அறிவியல் அடிப்படையற்ற முறையை உச்ச நீதிமன்றம் 2013இல் கண்டித்தது. 2014இல் நடுவண் நலவாழ்வு அமைச்சகம் அதைத் தவிர்க்கும்படி நெறிமுறை வெளியிட்டது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைத் தடை செய்யச் சொல்ல வேண்டி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் மீண்டும் சொன்னது. அச்சிட்ட நெறிமுறைக்கும் மருத்துவரின் கைக்கும் இடையே குறைந்தது எட்டு ஆண்டுத் தொலைவு இருந்திருக்கிறது.

ஆய்வைக் களத்துக்கு அவசரமாகக் கொண்டுசெல்வதிலும் கேடு உண்டு. இங்கிலாந்தின் கிளீவ்லாந்து பகுதியில் 1987இல் சில மாதங்களுக்குள் 121 குழந்தைகள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாக மருத்துவர்கள் முடிவு கட்டினர். பலர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். முந்தைய ஆண்டு வெளியான மருத்துவக் கட்டுரை ஒன்று விவரித்த ஓர் உடல் அறிகுறிக்கு அங்கு அளவுக்கு மீறிய எடை தரப்பட்டது. பெரும்பாலான குழந்தைகள் பின்னர் வீடு திரும்பினர். நீதிபதி எலிசபெத் பட்லர் ஸ்லாஸ் தலைமையிலான விசாரணைக் குழு 1988இல் அறிக்கை அளித்தது. ஒரே அறிகுறியை நம்பி முடிவெடுப்பது, துறைகள் ஒன்றோடொன்று பேசாதது, குழந்தையின் குரல் கேட்கப்படாதது ஆகியவை அங்கு வெளிப்பட்டன.

பள்ளியில் கற்பிப்பது

பள்ளிகளில் இன்று பரவலாக நடப்பது தொடுதல் பற்றிய பாடம். கோமல் போன்ற குறும்படங்கள் காட்டப்படுகின்றன. நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்ற பழைய வழக்கு மாறி, பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் என்று சொல்வது பெருகியுள்ளது. இந்த மாற்றம் சரியானதே. மிட்டாய் கொடுத்து, மடியில் உட்காரவைத்து அன்பாகத் தொடுபவரின் செயல் குழந்தைக்குக் கெட்டதாகத் தோன்றாமல் போகலாம்.

2015இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு பள்ளிகளில் நடத்தப்பட்ட 24 சோதனைகளை, 5,802 மாணவர்களை உள்ளடக்கி ஆராய்ந்தது. குழந்தைகளின் அறிவும் தற்காப்புத் திறனும் கூடுவது தெரிந்தது. அதனால் வன்கொடுமை குறைகிறதா என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. பாடத்தை நிறுத்திவிட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் படம் காட்டிப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கியதும் கடமை முடிந்தது என்று எண்ணும் பள்ளி, காக்கும் பொறுப்பை ஆறு வயதுக் குழந்தையின் தலையில் ஏற்றிவிட்டது. பாடம் முடிந்த அன்று மாலை ஒரு குழந்தை வந்து "மிஸ், எனக்கு இப்படி நடந்திருக்கு" என்று சொன்னால் அந்த ஆசிரியர் என்ன செய்வார் என்பதே உண்மையான தேர்வு.

ஒரு நாள் பயிற்சி

வட்டார வள மையத்தில் ஒரு நாள் பயிற்சி என்பது தமிழ்நாட்டு ஆசிரியர் அனைவரும் அறிந்த காட்சி. கருத்தாளர் திரையில் காட்டுவார். மதிய உணவுக்குப் பின் குழுச் செயல்பாடு. நான்கு மணிக்கு வருகைச் சான்று. காவல் துறையிலும் மருத்துவத் துறையிலும் பெயர்கள் மாறும், முறை இதுதான். போக்சோ பற்றிய பயிற்சிகளும் இதே அச்சில் நடக்கின்றன. பிரிவு எண்களும் தண்டனை ஆண்டுகளும் நன்றாக மனத்தில் பதிகின்றன, ஏனெனில் அவற்றைத் திரையில் காட்ட முடியும்.

கேட்கும் திறன் அப்படிப் படியாது என்பதை லாம்ப் குழுவினரின் ஆய்வு 2002லேயே காட்டிவிட்டது. பயிற்சிக்குப் பின் தொடர்ந்து மேற்பார்வை செய்து, விசாரணையாளர்களின் நேர்காணல் பதிவுகளைப் பார்த்துக் கருத்துச் சொல்லிவந்தவரை அவர்கள் திறந்த வினாக்களை நன்கு பயன்படுத்தினர். மேற்பார்வை நின்றதும் ஆறு மாதத்துக்குள் தரம் சரிந்தது. பிரிட்டனில் 1992ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகளின்படி பயிற்சி பெற்ற அலுவலர்களின் நேர்காணல்களை ஆராய்ந்தபோதும் திறந்த வினாக்கள் மிகச் சிறு பங்கே இருந்தன. நெறிகள் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. வாய்க்கு வந்தது பழைய கேள்வியே. இஸ்ரேலில் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தனிப் பயிற்சி பெற்ற விசாரணையாளர்களே விசாரிக்கின்றனர். நெறிமுறையும் தொடர் மேற்பார்வையும் அங்கு சேர்ந்தே நடைமுறைக்கு வந்தன. அங்கும் கூட, குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினர் விசாரணையில் எதையும் சொல்வதில்லை. சந்தேகத்துக்குரியவர் பெற்றோராக இருந்தால் மௌனம் கூடுகிறது.

தமிழ்நாட்டில் 1992 முதல் இயங்கும் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இதற்கு நல்ல அடித்தளம். ஆனால் அதே நிலையம்தான் குடும்பத் தகராறையும் வரதட்சணைப் புகாரையும் பார்க்கிறது. பந்தோபஸ்துக்கும் ஆள் அனுப்புகிறது. பயிற்சி பெற்றவர் இரண்டு ஆண்டில் மாறுதலாகிப் போனால் கற்றதும் அவரோடு போய்விடும். 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகள் ஆதரவு நபர் என்ற ஒருவரைக் குழந்தையோடு வழக்கு முடியும்வரை இருக்கச் சொல்கின்றன. அதை நடைமுறைப்படுத்தவும் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தனியே உத்தரவிட நேர்ந்தது.

களம் ஆய்வுக்குச் சொல்வது

தொடர்பு ஒருவழிப் பாதையாக இருக்க முடியாது. சட்டம் இயற்றியபோது ஆய்வு எதிர்பாராத ஒன்றைக் களம் விரைவிலேயே கண்டது. காதலித்து வீட்டை விட்டுச் சென்ற 16, 17 வயதினரின் வழக்குகள் போக்சோவில் குவிந்தன. என்ஃபோல்டு அமைப்பு அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் 2016 முதல் 2020 வரையிலான 7,064 தீர்ப்புகளை ஆராய்ந்ததில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இத்தகையது எனத் தெரிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் இப்படி ஒரு வழக்கை ரத்து செய்தபோது, வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கம் அன்று என்ற கருத்தைத் தெரிவித்தது. மகளிர் காவல் நிலையத்தாரும் நலக் குழுவினரும் இதைத் தீர்ப்புகள் தொகுக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அறிந்திருந்தனர். கேட்டுப் பதிவு செய்ய ஆள் இல்லை.

கட்டாயப் புகாரிலும் இப்படியே. 21ஆம் பிரிவின்படி குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. நிறுவனப் பொறுப்பாளர் என்றால் ஓராண்டு. மறைத்துவிடும் தலைமையாசிரியர்களைப் பார்த்தவர்கள் இப்பிரிவின் தேவையை மறுக்க மாட்டார்கள். அதே வேளையில், புகார் போய்விடும் என்ற அச்சத்தால் கருவுற்ற சிறுமியர் மருத்துவமனைக்கே வராமல் ஆபத்தான இடங்களைத் தேடிப் போனதை மருத்துவர்கள் கண்டனர். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவரது அடையாளத்தை மருத்துவர் காவல் துறைக்குத் தரும் தகவலில் வெளியிட வேண்டியதில்லை என்று கூறியது. களத்தின் அனுபவத்தில் இருந்து பிறந்த திருத்தம் இது.

வகுப்பாசிரியரின் பங்கு இந்தச் சங்கிலியில் மிகச் சிறியது. குழந்தை சொல்லும்போது குறுக்கிடாமல் கேட்பது, "யார்? எத்தனை தடவை? ஏன் அப்பவே சொல்லலை?" என்று துருவாமல் இருப்பது, குழந்தையின் சொற்களையும் தாம் கேட்ட கேள்வியையும் நாள், நேரத்தோடு அப்படியே எழுதிவைப்பது, உடனே காவல் துறைக்கோ 1098க்கோ தெரிவிப்பது. விசாரணை அவருடைய வேலை இல்லை. ஆனால் புகார் கொடுத்த பின் அந்த ஆசிரியருக்கு எதுவும் திரும்பி வருவதில்லை. வழக்கின் நிலையைக் குழந்தைக்கும் பெற்றோருக்கும் தெரிவிக்க ஏற்பாடு உண்டு; ஆசிரியர் அதில் இல்லை. தாம் கேட்ட முதல் கேள்வி வழக்கைத் தாங்கியதா கெடுத்ததா என்று தெரியாமலேயே அவர் அடுத்த ஆண்டு வேறொரு வகுப்பில் நிற்கிறார். அங்கே இன்னொரு குழந்தை வந்து சொன்னால், அதே கேள்வியையே மீண்டும் கேட்பார்.